ஆள் இருந்த வீட்டின் பூட்டு

பெரியவளே, சின்னவனே,

உச்சி வெயிலில்கூட நம் வீட்டுத் தெருக்கதவு ஏன் திறந்தே கிடக்கிறது என்று என்னைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். "நாய் வருது நைனா, தூசு வருது நைனா, மூடேன்" என்று சின்னவன் சண்டைகூடப் போட்டான். காற்று வரட்டும் என்று சொல்லி மழுப்பிவிட்டேன். காற்றுக்காக இல்லை. நான் பத்தாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்களுக்கும் ஒரு வீடு, அதன்மேல் ஒரு கடன் என்று வரும். அன்றைக்கு இது உங்கள் கையில் இருக்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கோடை விடுமுறையில் சத்தம் போடாத ஆட்டம் ஆடினோமே, நினைவிருக்கிறதா? யார் முதலில் வாய் திறக்கிறார்களோ அவர்களுக்கு ஐஸ் கிடையாது என்று அம்மா சொல்வாளே, அந்த ஆட்டம். பெரியவளுக்கு அது ஆட்டம் இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். சின்னவன் இன்னும் ஆட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இந்த வீட்டைக் கட்டியது வீட்டுக்கடன் கம்பெனி ஒன்றில் வாங்கிய பணத்தில். காண்ட்ராக்ட் ஆளுக்கு பேங்க் கொடுக்காது. அவர்கள் கேட்கிற சம்பளச் சீட்டு என்னிடம் ஏது? இந்தக் கம்பெனிக்காரர்கள் வீடு தேடி வந்து, டீ குடித்து, பத்திரத்தை வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். வட்டி கூடுதல்தான். ஆனாலும் தவணை தவறியதில்லை. கால் வெந்துபோகிற வரைக்கும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டுகிற மில்லில் அப்போது எனக்கு வேலை. பழுக்கக் காய்ந்த கம்பி உருளைக்குள் போகாமல் தடம் மாறி எகிறி, என் வலது பாதத்தைத் தொட்டுவிட்டுப் போயிற்று. தொட்டதுதான். பூட்ஸைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. காண்ட்ராக்டர் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மறுநாளே என் இடத்தில் வேறு ஆளை நிறுத்தினார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில் படுத்தேன்.

மில் ஓடினால் நம் தெருவில் கறுப்புத் தூசு விழும். உங்களுக்குத் தெரியும். காயப்போட்ட துணியில், தண்ணீர்த் தொட்டியில், முருங்கை இலையில், எல்லாவற்றிலும் விழும். நான் படுத்துக் கிடந்த மாதங்களில் அது என் படுக்கையிலும் விழுந்தது. நீ இல்லாமலே மில் ஓடுகிறது பார் என்று தினமும் வந்து சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

முதலில் போன் வந்தது. ஒரு பெண் குரல், மரியாதையாக. பிறகு ஆண் குரல், மரியாதை இல்லாமல். அதற்கப்புறம் போன் நின்று, பைக் வர ஆரம்பித்தது. இரண்டு பேர். ஒருவர் நெட்டை. இன்னொருவர் குட்டை, எப்போதும் சளி பிடித்துத் தும்மிக்கொண்டே இருப்பார். கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்ப்பார்கள். "டைல்ஸ் எல்லாம் நல்லா போட்டிருக்கீங்களே" என்பார் நெட்டை.

எதிர்வீட்டு அக்காதான் உங்கம்மாவுக்கு வழி சொல்லிக் கொடுத்தாள். அவளும் கடன்காரிதான்.

"இன்னாத்துக்குமா நின்னு நின்னு பதில் சொல்லிக்கினு கீற? வெளியே பூட்டைப் போட்டுட்டு, பின்னால சுத்தி வந்து உள்ள குந்திக்கோ. பூட்டுகிட்ட எவன் காசு கேப்பான்?"

நம் தெருவில் அது புது வழி இல்லை. தவணை தவறிய வீடு எல்லாவற்றிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. உங்கம்மாவும் பூட்டினாள். பின்பக்கக் காலி மனையில், முள்செடிக்கு நடுவே நடந்து நடந்து ஒரு தடம் உண்டாயிற்று. குக்கர் விசில் கேட்கும் என்று பானையில் சோறு பொங்கினோம். டி.வி. இல்லை. இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்ள வேண்டும். அக்கா இன்னொன்றும் சொன்னாள்.

"பூட்டைத் தொடாத. தொடைக்காத. பளபளன்னு இருந்தா கை படுதுன்னு கண்டுக்கினு போயிடுவானுங்க. தூசு படியட்டும்."

படிய விட்டோம். பூட்டியதோடு சரி, அதற்கப்புறம் அந்தப் பூட்டை யாரும் தொடவில்லை. காலை வெயில் ஏறியதும் நம் தெருவைப் பார்த்தால் சாவு விழுந்த தெரு மாதிரி இருக்கும். வரிசையாகப் பூட்டு. எதற்குப் பின்னால் ஆள் இருக்கிறது, எதற்குப் பின்னால் இல்லை என்று எங்களுக்கே தெரியாது.

இந்த நேரத்தில்தான் முனை வீட்டில் இரண்டு பூட்டு தொங்கியது. அந்த வீட்டுக்காரர்கள் நிஜமாகவே திருவாலங்காட்டுக்கு ஒரு காரியத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தால், அவர்கள் பூட்டுக்கு மேலே புதிதாக இன்னொரு பூட்டு. துணி சுற்றி, அரக்கு வைத்திருந்தது. அந்த அம்மா அழவில்லை. "உள்ள மாவு ஆட்டி வச்சிட்டு வந்தேன், பொங்கிடும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் சில நாள் அந்த ஜன்னல் வழியாகப் புளித்த நாற்றம் தெரு முழுக்க வந்தது. பிறகு அதுவும் நின்றது.

நான் காலை இழுத்துக்கொண்டு உதவி தேடிப் போனேன். காண்ட்ராக்டர், "கால் நல்லாவட்டும், வா பாக்கலாம்" என்றார். பொதட்டூர்பேட்டையில் உங்கள் மாமா, நெல் போட்ட காசே இன்னும் கைக்கு வரவில்லை என்று சொல்லி, ஒரு மூட்டை அரிசியை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அவரால் முடிந்தது அவ்வளவு. மிச்சம் இருந்தது தண்டல்காரர்தான். தினவட்டிக்கு விடுகிறவர். ஆரணி ரோட்டில் பஞ்சர் கடை ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"இன்னா நைனா, கால் எப்டி கீது?" என்றார், நான் வாய் திறப்பதற்கு முன்பே. "பாக்கி மொத்தமும் நாளைக்கே கட்டிடலாம். டப்பு ஒரு மேட்டரே இல்ல."

"வட்டி எப்டிண்ணா?"

"அத்த அப்பால பேசிக்கலாம். வெத்து ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு கையெழுத்து. அப்புறம், உன் பூட்டுக்கு ரெண்டு சாவி கீதில்ல? ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்."

"சாவி எதுக்குண்ணா?"

"சும்மாதான்யா. நீ ஒயுங்கா கட்டிக்கினு இருந்தா அது பாட்டுக்கு என் ஊட்டு மேஜை டிராயர்ல தூங்கும்."

பஞ்சர் கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நாளைக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது? எனக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது.

வீட்டுக்கு முள்செடித் தடம் வழியாக வந்தேன். பின்கதவோரம் ஆணியில் தொங்கிய இரண்டாவது சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உங்கம்மா பேக்கிங் கம்பெனியிலிருந்து இன்னும் வரவில்லை. பெரியவளே, நீ சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாய். தம்பியின் கால்சட்டையை அலசிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் நீ சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது.

"நம்ப ஊடு காலியாம் நைனா. எழுதிக்கினு போனாங்க."

"யாரு?"

"பைக்கு ஆளுங்க. கதவு சந்துல பாத்தேன். பூட்டுல கை வச்சு தேச்சாங்க. 'தூசைப் பாரு, மாசக்கணக்கா ஆளே இல்ல, காலின்னு எழுதிக்கோ'ன்னு சொன்னாங்க. அப்புறம் கதவுல இன்னாவோ தடவுனாங்க. போட்டோ எடுத்தாங்க. தம்பி கட்டிலுக்கு அடியில ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கினு இருந்தான். சத்தமே போடல நைனா. ஒண்ணுக்குதான் போயிட்டான்."

நான் சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் போனேன். ரொம்ப நாளைக்கப்புறம் என் வீட்டை முன்பக்கமிருந்து பார்த்தேன். கதவில் ஒரு பெரிய தாள், வீட்டை எடுத்துக்கொள்வதாகக் கம்பெனி நோட்டீஸ். பசை இன்னும் காயவில்லை. என் பெயர், என் தகப்பனார் பெயர், மனையின் நாலு எல்லை எல்லாம் அதில் இருந்தது. கீழே பூட்டு. கறுப்புத் தூசுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கோடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. என் சட்டைப் பையில் தண்டல்காரருக்கென்று எடுத்து வைத்த இரண்டாவது சாவி.

அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆள் குடியிருக்கிற வீட்டிலிருந்து ஆளை வெளியே அனுப்ப அவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. குழந்தை அழும், பொம்பளை கத்தும், தெரு கூடும். காலி வீட்டுக்கு ஒரு பூட்டு கொண்டுவந்தால் போதும். அந்தக் காலியை நாங்களே பார்த்துப் பார்த்து உண்டாக்கி, மேலே தூசும் தூவி, அவர்கள் கையில் கொடுத்திருந்தோம்.

மறுநாள் தண்டல்காரரிடம் போவதற்கு முன்னால் மில் கேட்டில் கிரேன் ஓட்டுகிறவரைப் பார்த்தேன். அவரும் ஒரு தடவை கடனில் மாட்டி வெளியே வந்தவர். விஷயத்தைச் சொன்னதும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"சாவிய குடுத்துட்டியா?"

"இல்ல."

"அந்தாளு கைக்கு சாவி போச்சுன்னா, கம்பெனிக்காரனே தேவலன்னு ஆயிடும் உனக்கு. நேரா பொன்னேரி கோர்ட்டுக்குப் போ. அங்க நம்பள மாதிரி ஆளுங்களுக்கு காசு வாங்காம வக்கீல் குடுக்கிறாங்க. போய் உக்காரு. சாயந்தரம் ஆனாலும் எழுந்து வராத."

போய் உட்கார்ந்தேன். சின்ன அறை. எனக்கு முன்னால் வரிசையாக ஆட்கள். முறை வந்தபோது அந்த வக்கீலம்மா சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தார்.

"நோட்டீஸ் ஒட்டினப்ப வீட்ல யார் இருந்தாங்க?"

"பசங்க ரெண்டு பேரும் மேடம்."

"அப்ப கதவைத் தட்டியிருப்பாங்களே?"

"பூட்டியிருந்துச்சு மேடம். வெளியே."

டப்பாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வெளியே பூட்டு, உள்ள பசங்க. இதே கதையோட இன்னும் எத்தனை பேர்தான் அந்தப் பக்கத்துலேருந்து வருவீங்க? தீ கீ பிடிச்சா?"

அதற்கப்புறம் அவர் பொறுமையாகத்தான் சொன்னார். உங்களுக்கும் அதுதான் தேவை, கேட்டுக்கொள்ளுங்கள். கதவில் தாள் ஒட்டியதாலேயே வீடு போய்விடாது. ஆள் இருக்கிற வீட்டை வந்து பூட்ட வேண்டுமானால் கம்பெனிக்காரர்கள் மாஜிஸ்திரேட்டிடம் போய் உத்தரவு வாங்க வேண்டும். அதற்குள் நாம் அசைய வேண்டும். ஏன் தவணை நின்றது, இப்போது எவ்வளவு கட்ட முடியும், மாதாமாதம் எவ்வளவு முடியும் என்று மனு எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டை இணைத்து, பிராஞ்சில் நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்க வேண்டும். பைக்கில் வருகிறவர் கையில் காசு தரக் கூடாது. பிராஞ்சில் கட்டி ரசீது வாங்க வேண்டும். மனுவை அவரே எழுதிக் கொடுத்தார். எழுந்தபோது, "முதல்ல போய் அந்தக் கதவைத் திறங்க" என்றார்.

உங்கம்மா கம்மலைக் கழற்றி அடகு வைத்தாள். அவளுடைய மகளிர் குழுவில் கொஞ்சம் கடன் கொடுத்தார்கள். இரண்டையும் கொண்டுபோய் பிராஞ்சில் கட்டி, மனுவைக் கொடுத்தேன். அங்கே இருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"வீடு காலின்னு போட்டிருக்கே சார்? காலி வீட்டுக்குத் தவணையை மாத்தித் தர மாட்டாங்க. மறுபடி நேர்ல ஆள் வரும். குடியிருக்கீங்கன்னு ரிப்போர்ட் வரணும்."

"எப்ப சார் வருவாங்க?"

"அதெல்லாம் சொல்லிட்டு வர மாட்டாங்க."

அன்றைக்குத்தான் நான் பூட்டைத் திறந்தேன். சாவி உள்ளே போகவில்லை. தூசு அடைத்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித்தான் திறந்தது. கதவை விரியத் திறந்து செங்கல் முட்டுக் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்கா அவள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தாள்.

"இன்னா காரியம் பண்ற நீ? உன் ஊட்டுக்கு வர்றவன் எங்க ஊட்டையும் தட்டுவான். எல்லாருக்கும் பேஜாரு உன்னால!"

"உன் ஊட்டையும் தொறந்துடுக்கா. நான் பொன்னேரிக்கு கூட்டிக்கினு போறேன்."

"நீ தொறந்து வச்சிக்கினு தெருவுல நில்லு. என்னிய இஸ்துகினு போவாத."

யாரும் திறக்கவில்லை. பூட்டிய தெருவில் நம் வீடு மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் சின்னவன் கட்டிலுக்கு அடியில் ஓடுவான். நான் அவன் காலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவருவேன். வருகிறவர்கள் எந்தப் பூட்டோடு வருவார்கள் என்று எனக்கும் தெரியாது. ஒரு நாள் வந்து நின்றது தண்டல்காரர். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"சாவி இன்னா ஆச்சு?"

"வேணாம்ணா. பிராஞ்சுல பேசிட்டேன்."

"சரிதான்." வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தார். "தொறந்து கீற ஊட்டுக்கு சாவி எதுக்கு?" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் அந்த இரண்டு பேரும் வந்தார்கள். திறந்த கதவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நெட்டை கையில் ஒரு பை இருந்தது. அதில் இரும்பு ஏதோ கிணுக்கென்றது. என்னவென்று நான் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் தெரியாது.

"எப்ப குடி வந்தீங்க?" என்றார் நெட்டை.

"நாங்க எங்கயும் போவல சார். உள்ளயேதான் இருந்தோம்."

"சும்மா சொல்லாதய்யா. நாங்க எத்தினி வாட்டி வந்தோம்."

அப்போது சின்னவனே, நீ என் பின்னாலிருந்து தலையை நீட்டி, "இந்த அங்கிள்தான நைனா தும்முவாரு? நெறைய தும்முனாரு. பாவம்" என்றாய்.

குட்டை ஆள் கர்ச்சீப்பை எடுத்தவர் அப்படியே நின்றார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும் போலிருக்கிறது. உள்ளே வந்து, கட்டிலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "இங்கயா உக்காந்திருந்தீங்க?" என்று பெரியவளிடம் மெதுவாகக் கேட்டார். நீ தலையாட்டினாய். நெட்டை எங்கள் நாலு பேரையும் கதவோடு சேர்த்து நிற்கவைத்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். உங்கம்மாவுக்கு உங்கள் தலையை வாரிவிடக்கூட நேரம் இல்லை.

மனுவை ஏற்றுக்கொண்டார்கள். பாக்கியை அசலோடு சேர்த்து, வருஷத்தைக் கூட்டி, மாதத் தவணையைக் குறைத்தார்கள். கடன் முடியும்போது எனக்கு அறுபது தாண்டியிருக்கும். "இன்னொரு தடவை நின்னா, இதே மாதிரி பேச முடியாது சார்" என்றார் அந்த அதிகாரி. சிரித்த முகமாகத்தான் சொன்னார். காண்ட்ராக்டர் கம்பிக் கட்டு கட்டுகிற வேலைக்கு என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஆகவே பிள்ளைகளே, தவணை நின்றுபோனால் ஒளியாதீர்கள். நீங்களாகப் போய் நில்லுங்கள். எழுதிக் கொடுத்து சீல் வாங்குங்கள். உங்கள் வீட்டுச் சாவியை எந்தக் காலத்திலும் இன்னொருத்தர் டிராயரில் தூங்க விடாதீர்கள். வீடு தப்பித்தது என்று நான் எழுதமாட்டேன். இந்த மாதம் தப்பித்தது. எதிர்வீட்டில் இன்றைக்கும் பூட்டு தொங்குகிறது. அக்கா கொஞ்ச நாளாகக் கண்ணில் படவில்லை. உள்ளே ஆள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பழைய பூட்டை நான் எறியவில்லை. கதவுக் கொண்டியில் சும்மா மாட்டி வைத்திருக்கிறேன். சாயந்தரம் துடைத்தால் காலையில் மறுபடி கறுத்திருக்கும். முன்பு பயந்த அதே தூசுதான். இப்போது அது விழுந்தால் மில் ஓடுகிறது, சம்பளம் வரும் என்று எனக்கு ஒரு நிம்மதி.

போன வாரம் ஒரு காலையில் நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள், அம்மா கம்பெனிக்குப் போயிருந்தாள். எனக்கு இரண்டாம் ஷிப்டு. என்ன தோன்றியதோ, கதவை மூடி வெளியே பூட்டினேன். பின்பக்கம் சுற்றி வந்து, நீங்கள் இருந்த இடத்தில், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தேன். கதவுக்குக் கீழே ஒரு கோடு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. தெருவில் ஒரு பைக் வந்தது. அந்த வெளிச்சக் கோட்டைக் கடந்து போகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.

பிறகு எழுந்து முன்னால் போய்ப் பூட்டைத் திறந்தேன். அழுந்தத் துடைத்துத் துணியைப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. மில் பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். அன்றைக்கு லீவு நாள் இல்லை. ஆனால் புகை இல்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, திறந்த வாசலில் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன்.